வேசம் கட்டாத ராட்டினம்

பண்டாரவளையில் சனிக்கிழமை காலைப் பனி விலகும் முன்பே என் வீட்டு விறாந்தையில் நாலைந்து பிள்ளைகள் மடிக்கணினியோடு வந்து உட்கார்ந்துவிடுகிறார்கள். தோட்டப் பாடசாலைகளில் முப்பது வருசம் சித்திரம் படிப்பித்தவன் நான். இப்போது அவர்கள் என்னிடம் கேட்பது பூங்கா கட்டும் கணினி விளையாட்டுகளைப் பற்றி. வெறும் நிலத்தைக் கையில் கொடுப்பார்கள். பாதை போட்டு, ராட்டினம் நட்டு, ஆட்களை வரவழைத்து, அவர்கள் சந்தோசமாகத் திரும்பிப் போகும்படி பார்த்துக்கொள்வது நம் பொறுப்பு. 1999இல் வந்த ரோலர்கோஸ்டர் டைக்கூன் தொடங்கி இந்த விளையாட்டுகளோடுதான் என் மாலை நேரங்கள் போயிருக்கின்றன. புதிதாக வருகிற ஒவ்வொரு பிள்ளையும் ஒரே கேள்வியைக் கேட்கிறது: "சேர், தீம் உள்ள ராட்டினம் வைக்கவா, சும்மா ராட்டினம் வைக்கவா?" ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லிவந்ததை இங்கே எண் போட்டு எழுதுகிறேன்.

1. பெயர்களை முதலில் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். காமன் கூத்துக்கு முகம் எழுதிப் பழகியவன் என்பதால் நான் இவற்றை வேசம் கட்டிய ராட்டினம், வெறும் ராட்டினம் என்று சொல்வேன். குதிரை ராட்டினம், பெரிய சக்கரம், ஆடும் ஊஞ்சல் என்று நிறம் மட்டும் பூசிக் கொடுப்பது வெறும் ராட்டினம். பறக்கும் தட்டு, பூத மாளிகை, கொள்ளையர் கப்பல் என்று கதையோடு செய்து கொடுப்பது வேசம் கட்டியது. 2004இல் வந்த ரோலர்கோஸ்டர் டைக்கூன் மூன்றாம் பாகம் சாகசம், பேய், விஞ்ஞானக் கற்பனை, அமெரிக்க மேற்கு என்ற வேசங்களுக்கு அருகிலேயே ‘பொது’ என்றும் ஒரு பெட்டி வைத்திருந்தது. உள்ளே ஓடும் இயந்திரம் பெரும்பாலும் ஒன்றுதான். இரண்டாம் பாகத்துக்கு 2003இல் வந்த வேக்கி வேர்ல்ட்ஸ், டைம் ட்விஸ்டர் என்ற இரு இணைப்புகளிலும் புதிய ராட்டினங்கள் என்று கொடுக்கப்பட்டவற்றில் பல, பழைய ராட்டினங்களே வேறு உடுப்பில் வந்தவை. அவற்றுக்குள் பழைய இயந்திரத்தைக் கண்டுபிடிக்கப் பழகுங்கள். கண் பழகிவிட்டால் எந்த வேசத்துக்கும் மயங்கமாட்டீர்கள்.

2. உங்கள் முதல் மூன்று பூங்காவையும் வெறும் ராட்டினங்களால் மட்டும் கட்டுங்கள். இதைச் சொன்னதும் பிள்ளைகளின் முகம் சுருங்கும். பட்டியலில் நாகத்தலையும் கோட்டையும் மின்னிக்கொண்டிருக்கும்போது வெள்ளைச் சக்கரத்தை யார் எடுப்பார்கள்? ஆனால் ஒரு தம்பியின் முதல் பூங்காவில் நடந்ததைக் கேளுங்கள். கொள்ளையர் கப்பல் ஒன்றை நடுவில் வைத்தான். கப்பல் வந்ததும் கடல் தேவைப்பட்டது, குளம் வெட்டினான். குளம் வந்ததும் துறைமுகம், துறைமுகம் வந்ததும் பீப்பாய்கள், கயிறு, கலங்கரை விளக்கம். மலைச்சரிவைத் தட்டையாக்கியதிலேயே வாங்கிய கடன் முழுவதும் கரைந்தது. உள்ளே வந்தவர்களுக்கு இருக்க ஒரு வாங்கு இல்லை, குடிக்கத் தண்ணீர்க் கடை இல்லை. வேசம் கட்டிய ராட்டினம் வந்த இடத்தில் துரை மாதிரி நடந்துகொள்ளும். சுற்றியிருக்கிற எல்லாவற்றுக்கும் கட்டளை போடும். அந்தக் கட்டளைகளை நிறைவேற்றுகிற கைப்பழக்கமும் பணமும் உங்களிடம் வரும்வரை அதை அழைக்க வேண்டாம். வெறும் ராட்டினம் பொறுமையானது. இன்றைக்கு வைத்துவிட்டு, அடுத்த கிழமை அதற்கு என்ன கதை என்று யோசிக்கலாம்.

3. ராட்டினத்தைத் தேடுவதற்கு முன் நிலத்தைப் பாருங்கள். இதற்கு நமக்கு அடுத்த வீட்டிலேயே ஆசான் இருக்கிறார். பண்டாரவளையில் கோச்சி ஏறுங்கள். எல்லயைத் தாண்டி ஒன்பது வளைவுப் பாலத்தைக் கடந்தால் தெமோதரை. ஸ்டேசனில் நின்று கிளம்பும் கோச்சி மலையை ஒரு சுற்றுச் சுற்றி இறங்கி, சற்று முன் நின்ற அதே ஸ்டேசனுக்குக் கீழே குடைந்த சுரங்கத்துக்குள் நுழையும். பாதை பண்டாரவளைக்கு வந்தது 1894இல். பதுளையை அடைந்தது 1924இல். அந்த முப்பது வருசத் தாமதத்தைப் பார்த்தாலே இந்த மலை என்ன பாடுபடுத்தியிருக்கும் என்று தெரியும். இவ்வளவு இறக்கத்தைக் கோச்சி நேராக இறங்க முடியாது என்று பொறியியலாளர்கள் திகைத்திருந்தபோது, தோட்டத்தில் ஒரு கங்காணி தலைப்பாகையை அவிழ்த்து மறுபடி சுற்றிக் கட்டுவதைப் பார்த்து இந்த வளையத்துக்கு யோசனை பிறந்தது என்று ஒரு கதை உண்டு. பொறியியலாளர் டி. ஜே. விமலசுரேந்திரவின் பெயரைச் சேர்த்து அதைச் சொல்வார்கள். நடந்ததோ இல்லையோ, நம் ஆள் ஒருவரின் தலைப்பாகை அந்த வளையத்துக்குள் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டுதான் நான் ஒவ்வொரு முறையும் அந்தச் சுரங்கத்தைக் கடக்கிறேன்.

இதில் உங்களுக்கு உள்ள பாடம் இதுதான். தெமோதரை வளையத்தில் ஒரு பொம்மை கிடையாது, ஒரு வர்ணப் பலகை கிடையாது. தண்டவாளமும் மலையும் மட்டும். ஆனாலும் உலகத்தின் நாலு மூலையிலிருந்தும் ஆட்கள் வந்து ஜன்னலில் தொங்குகிறார்கள். விளையாட்டும் இதை ஒப்புக்கொள்கிறது. ரோலர்கோஸ்டர் டைக்கூனில் பாதை சுரங்கத்துக்குள் புகுந்தால், நடைபாதையின் மேலால் பாய்ந்தால், தண்ணீரை உரசிப் போனால், பக்கத்தில் மரமும் கட்டடமும் இருந்தால் பரவச மதிப்பெண் ஏறும். ஆகவே மேட்டை வெட்டித் தரைமட்டமாக்காதீர்கள். புதுப் பிள்ளைகள் செய்கிற பெரிய பிழை அது. மேடு இருந்தால் சுற்றுங்கள், பள்ளம் இருந்தால் பாலம் போடுங்கள். வெறும் ராட்டினத்துக்குக் கிடைக்கிற முதல் வேசம் நிலம்தான். அதற்குக் காசும் தேவையில்லை.

4. ஒரு வட்டாரத்துக்கு வேசம் கட்டிய ராட்டினம் ஒன்று போதும். தோட்டத்துத் திருவிழாவில் தேர் ஒன்றுதான். காவடியும் பால்குடமும் தப்பும் அதைச் சூழ்ந்து வரும்.

5. சாதாரணப் பொருளை எது வேறொன்றாக மாற்றுகிறது என்று கவனித்துப் பாருங்கள். அர்ச்சுனன் தபசு பார்த்திருக்கிறீர்களா? பார்க்காதவர்கள் அடுத்த முறை எந்தத் தோட்டத்தில் போட்டாலும் போய்ப் பாருங்கள். பகலில் அந்த இடத்துக்குப் போனால் லயத்துக்கு முன்னால் ஒரு நெட்டை மரம் நட்டிருக்கும், அவ்வளவுதான். இரவானதும் தப்பு முழங்க, அர்ச்சுனன் வேசக்காரர் பாடிப் பாடி ஒவ்வொரு படியாக ஏறுவார். கீழே ஊர் முழுவதும் கழுத்தை நிமிர்த்தி நிற்கும். உச்சியிலிருந்து அவர் போடும் எலுமிச்சம்பழத்துக்கும் பூவுக்கும் பிள்ளை இல்லாத பெண்கள் முந்தானையை விரித்துக் காத்திருப்பார்கள். அந்த நேரத்தில் அது மரமென்று சொன்னால் உங்களை அடிப்பார்கள். அது கைலாயம்.

மரத்தில் யாரும் பனிமலை வரையவில்லை. இருட்டு, ஓசை, மெதுவான ஏற்றம், மேலே பார்க்கிற கூட்டம் ஆகிய நாலும் சேர்ந்து அந்த வேலையைச் செய்தன. உங்கள் பூங்காவில் விழும் கோபுரம் ஒன்றை வைக்கும்போது இதை நினைத்துக்கொள்ளுங்கள். கோபுரத்தின் அடி தெரியாதபடி மரங்களால் மறையுங்கள். உச்சி மட்டும் தூரத்திலிருந்து தெரியட்டும். பாதையை ஒடுக்குங்கள், இரண்டு முறை திருப்புங்கள். கடைசித் திருப்பத்தில் முழுக் கோபுரத்தையும் காட்டுங்கள். ஒரு சிலைகூட வாங்காமல் வேசம் கட்டியாயிற்று.

பெரிய ஆட்களும் இதைத்தான் செய்திருக்கிறார்கள். 1955இல் திறந்த டிஸ்னிலேண்டில் இன்றும் சுற்றுகிற ஆர்தர் அரசரின் குதிரை ராட்டினம் 1922இல் செய்யப்பட்டது. கனடாவில் டொரொன்டோ நகரத்து ஏரிக்கரைப் பூங்கா ஒன்றில் ஓடிக்கொண்டிருந்ததை வாங்கி வந்தார்கள். கோட்டைக்குப் பின்னால் வைத்ததும் அது அரசனுடையதாகிவிட்டது. 1975இல் ஃப்ளோரிடாவில் திறந்த ஸ்பேஸ் மவுண்டன் மணிக்கு ஏறத்தாழ 45 கிலோமீட்டர் வேகத்தில்தான் ஓடுகிறது. பண்டாரவளை வீதியில் பஸ் அதைவிட வேகமாகப் போகும். விண்வெளியில் பறக்கிறோம் என்று ஆட்கள் கூச்சல் போடுவது அதற்குள் இருக்கும் இருட்டினால்.

6. நிறம் மூன்றுக்கு மேல் வேண்டாம். விளையாட்டு நூறு நிறம் தரும், அதில் ஆசைப்படாதீர்கள். வெளியே வந்து பாருங்கள்: கொழுந்தின் இளம்பச்சை, வெட்டிய கரையின் செம்மண், பழைய தகரக் கூரையின் துரு. எப்போதாவது ஒரு முள்முருங்கைப் பூவின் சிவப்பு, அதுவும் ஒரே இடத்தில். இந்த நிறங்களில் ஒரு பெரிய சக்கரத்தைப் பூசி மலைச்சரிவில் நிறுத்திப் பாருங்கள், அது அங்கேயே முளைத்தது போல இருக்கும்.

7. இப்போது முக்கியமானதற்கு வருகிறேன். ராட்டினத்துக்குக் கதை தேடும்போது அதன் உருவத்தைப் பார்க்காதீர்கள், அசைவைப் பாருங்கள். அது சுழல்கிறதா, ஆடுகிறதா, விழுகிறதா, கம்பியில் வழுக்கிப் போகிறதா? அதே அசைவு உள்ள ஒரு வேலை, ஒரு பொருள் உங்கள் வாழ்க்கையில் எங்கே இருக்கிறது? நாற்காலி தொங்கிப் போகும் கம்பி ராட்டினத்துக்குச் சுவிட்சர்லாந்துப் பனிமலை தேவையில்லை. மேட்டுக் கொழுந்தை மூட்டை கட்டிக் கம்பியில் ஸ்டோருக்கு, அதாவது தேயிலைத் தொழிற்சாலைக்கு, இறக்கிய தோட்டங்கள் நம் பக்கம் இருந்தன. உங்கள் தாத்தாமாரைக் கேளுங்கள், மூட்டை போகும்போது கம்பி போட்ட சத்தத்தையும் சேர்த்துச் சொல்வார்கள்.

போன வருசம் ஒரு தங்கச்சி கோப்பை ராட்டினத்தோடு வந்தாள். பெரிய பெரிய கோப்பைகளுக்குள் ஆட்கள் உட்கார்ந்து சுழல்வார்களே, அது. டிஸ்னிலேண்டில் 1955 முதல் ஓடும் கோப்பைகள் ஆலிஸ் கதையில் வரும் தேநீர் விருந்திலிருந்து வந்தவை. அவளும் முயல், தொப்பிக்காரன் என்று தேடிக்கொண்டிருந்தாள். நான் அவளிடம், "உங்க ஸ்டோர்ல இப்படிச் சுத்துறது எது?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்து "ரோலர், சேர்" என்றாள். அவ்வளவுதான், பூங்கா பிறந்துவிட்டது. பித்தளை வரம்பு பதித்த வட்ட மேசைமேல் கொழுந்து நிறைந்த உருளை வளைந்து வளைந்து சுற்றும் அந்த ஆட்டம் கோப்பை ராட்டினத்தின் ஆட்டத்துக்கு அண்ணன் தம்பி முறை.

அதன்பிறகு அவள் ஒரு மாதம் உழைத்தாள். ராட்டினத்தைத் தொடவே இல்லை. வரிசையைத்தான் கட்டினாள். வாசலில் கொழுந்து மடுவம், தகரக் கூரை, நிறுக்கும் தராசு. அங்கிருந்து வரிசை படியேறி ஸ்டோரின் மேல் தட்டுக்குப் போகும். நீள நீளமான வாடல் தொட்டிகளுக்கு நடுவே நடக்க வேண்டும். ஜன்னல்கள் வரிசையாகத் திறந்திருக்கும். விசிறிச் சத்தம் வைத்தாள். இரவு முழுக்கக் காற்று குடித்து இலை துவள்கிற இடம் அது, ஆகவே அந்தப் பகுதியில் வரிசை மெதுவாக, வளைந்து வளைந்து போகட்டும் என்று விட்டாள். பிறகு இறக்கம். ரோலர்கள். அரைபட்ட இலையைப் பரப்பி, பச்சை மாறிச் செம்பு நிறமாகும் வரை ஆறவைக்கும் குளிர்ந்த அறை. அங்கே விளக்கின் நிறத்தைப் பச்சையிலிருந்து செம்புக்கு மாற்றினாள். டிரையர் பக்கம் சிவப்பும் புகையும். சல்லடை. பி.ஓ.பி., டஸ்ட் என்று எழுதிய பெட்டிகள். அதைத் தாண்டினால் வெளிச்சம், சுழலும் கோப்பைகள்.

அந்தக் கோப்பைகள் எல்லா ஊரிலும் கிடைக்கிற வெறும் கோப்பைகள். ஆனால் மடுவத்திலிருந்து இலை போகிற பாதை முழுவதும் நடந்து வந்தவனுக்கு, கடைசியில் கோப்பைக்குள் உட்காரும்போது தான் யார் என்று தெரிந்துவிடுகிறது. அவன்தான் கொழுந்து. இதை யாரும் பலகையில் எழுதி வைக்கவில்லை. பிளானட் கோஸ்டர் போன்ற விளையாட்டுகளில் வரிசைச் சுற்றுப்புறத்துக்கென்றே மதிப்பெண் உண்டு. அது ஏறினால் ஆட்கள் அலுக்காமல் நிற்பார்கள். அவளுடைய வரிசையில் யாரும் திரும்பிப் போகவில்லை. பூங்காவுக்கு அவள் வைத்த மாதம் ஓகஸ்ட். ஊவாத் தேயிலைக்கு மணம் ஏறுவது ஜூலை முதல் செப்டம்பர் வரை, வறண்ட காற்று வீசும் நாட்களில் என்பது தோட்டத்துப் பிள்ளைக்குத் தெரியாதா? மரங்களின் இலையைக் கொஞ்சம் காயவிட்டிருந்தாள். அதை நான் சொல்லிக்கொடுக்கவில்லை.

8. பெயர் வைப்பதால் மட்டும் வேசம் ஆகிவிடாது. எல்லயில் நீர்வீழ்ச்சிக்கு இராவணன் பெயர், குகைக்கு இராவணன் பெயர், தேயிலைக்கு மேலால் கம்பியில் பறக்கும் விளையாட்டுக்கும் இராவணன் பெயர். சென்னைக்குப் பக்கத்தில் 1995இல் கட்டிய பூங்காவுக்குக் கிஷ்கிந்தா என்று பெயர். பெயர்கள் நல்லவைதான், நமக்குச் சொந்தமானவைதான். உங்கள் பூங்காவில் அப்படி ஒரு பெயரை வைத்தால் அதற்குரிய வேலையையும் செய்யுங்கள். இராவணன் என்றால் பத்துத் தலைதான் நினைவுக்கு வர வேண்டுமா? அவன் வீணை வாசித்தவன், விமானம் வைத்திருந்தவன். பறக்கும் ராட்டினம் ஏறப் போகிற வரிசையில் தூரத்து வீணை ஒன்று ஒலிக்கட்டும், அதுவே நிறைய.

9. எதற்கு வேசம் கட்டக்கூடாது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். மூன்று வருசத்துக்கு முன் ஒரு தம்பி பழைய லயத்தைப் பேய் வீடாகக் கட்டிக்கொண்டு வந்தான். கைத்திறமை அபாரம். ஒழுகும் கூரை, கரி பிடித்த சுவர், தனியாக எரியும் குப்பி லாம்பு. உள்ளே எலும்புக்கூடு. அந்தத் தம்பி பிறந்ததும் ஒரு லயத்தில்தான். நான் அவனைத் திட்டவில்லை. "இதைப் பார்க்க வர்றவன் இதுக்குள்ள இருக்குறது யாருன்னு நெனப்பான்?" என்று மட்டும் கேட்டேன். மறு கிழமை எலும்புக்கூட்டை எடுத்துவிட்டு வந்தான். லாம்பை எடுக்கவில்லை, எடுக்க வேண்டியதும் இல்லை.

இன்னொன்று. டிஸ்னிலேண்டில் 1979இல் திறந்த பிக் தண்டர் மவுண்டன் சுரங்க ரயிலில் பாறை சரிந்து விழுவதுபோலப் பயங்காட்டும் ஓரிடம் இருந்தது. விளையாட்டுகளில் வரும் சுரங்க ரயில்களிலும் பிள்ளைகள் அதைச் செய்து பார்க்க ஆசைப்படுவார்கள். வேறு ஊர்ப் பிள்ளை செய்யட்டும். கொஸ்லாந்தைப் பக்கம் மீரியபெத்த தோட்டத்தில் 2014 ஒக்டோபர் 29 காலையில் மலை இறங்கி லயங்களை மூடியது. இந்த மாவட்டத்தில் அந்தக் காலையை மறந்த வீடு இல்லை. மழை கனத்தால் இன்றும் ராத்திரி தூங்காமல் சரிவைப் பார்த்துக்கொண்டிருக்கும் தாய்மார் நம் பக்கத்தில் இருக்கிறார்கள். மண்சரிவை நீங்கள் ராட்டினமாக்கக்கூடாது. விளையாட்டுத்தானே என்று யாராவது சொன்னால், விளையாட்டு என்பதால்தான் கூடாது என்று சொல்லுங்கள்.

10. முதுகை மறையுங்கள். வெசாக் காலத்தில் டவுனில் கட்டும் பந்தலைப் பின்பக்கம் போய்ப் பாருங்கள், மூங்கிலும் வயரும் கயிறும்தான். முன்னால் நிற்பவருக்கு அது தெரியாதபடி கட்டுவதில்தான் அந்த ஆட்களின் கெட்டித்தனம். 2018இல் வந்த பார்க்கிடெக்ட் விளையாட்டு இதைச் சட்டமாகவே வைத்திருக்கிறது. கடைகளுக்குப் பெட்டி சுமந்து போகும் வேலைக்காரர்கள் கண்ணில் பட்டால் வந்தவர்களின் மனம் கலையும். அவர்களுக்குத் தனிப்பாதை போட்டு மதிலுக்குப் பின்னால் அனுப்ப வேண்டும். வெறும் ராட்டினமோ வேசம் கட்டியதோ, பின்புறம் தெரிந்தால் இரண்டும் ஒன்றுதான்.

11. வேசம் கட்டிய ராட்டினத்தை நான் வெறுப்பதாக நினைக்க வேண்டாம். அதற்கு ஒரு நேரம் இருக்கிறது. ஒரு வட்டாரத்தின் கதை உங்கள் மனதில் முழுமையாகத் தெளிந்து, கல், கதவு, விளக்கு வரை என்னவென்று தெரிந்த பிறகு, அந்தக் கதைக்குப் பொருத்தமான வேசம் பட்டியலில் இருந்தால் தயங்காமல் எடுங்கள். அது உங்கள் உழைப்பில் பாதியைக் குறைக்கும். ஆனால் எடுத்தால் முழுவதும் எடுங்கள். அப்புத்தளையில் ஆதிஷாம் பங்களாவைப் பார்த்திருப்பீர்கள். தோமஸ் வில்லியர்ஸ் என்ற வெள்ளைக்காரர் 1931இல் கட்டியது. இங்கிலாந்தில் கென்ட் பகுதியிலுள்ள தன் ஊரின் பெயரை வைத்து, அந்த நாட்டுப் பழைய மாளிகை ஒன்றைப் போலவே இந்த மலையில் எழுப்பினார். இன்று அது துறவிமடம். அவர்கள் செய்யும் ஜாம் போத்தல்களை நம் வீடுகளிலும் வாங்குகிறோம்.

அந்தப் பங்களாவின் கல்லை யார் சுமந்தார்கள் என்ற கேள்வி எனக்கு எப்போதும் உண்டு. அது வேறு நாளைக்கு. கட்டுகிறவனின் கண்ணோடு பார்த்தால், அந்த வீட்டில் அரைகுறை என்று ஒன்றுமில்லை. கருங்கல், நெருப்படுப்பின் புகைபோக்கி, ஜன்னலின் சிறு கண்ணாடிக் கட்டங்கள், புத்தக அலுமாரி, ரோஜாப் பாத்தி, எதை எடுத்தாலும் ஒரே ஊரின் பேச்சைப் பேசுகின்றன. பனி மூடிய காலையில் படலைக்கு வெளியே நிற்பவனுக்கு எந்த நாட்டில் நிற்கிறோம் என்று ஒரு கணம் மறந்துபோகும். பாதி வேசம்தான் ஆகாது. முகத்துக்கு அரிதாரம் பூசி, காலில் பாட்டா செருப்போடு வந்த ரதியை யாரும் ரதியென்று நம்பமாட்டார்கள்.

12. ராட்டினம் பழசாகும். ரோலர்கோஸ்டர் டைக்கூனில் வருசம் போகப் போகப் பரவசம் குறையும், ஆட்கள் கொடுக்கச் சம்மதிக்கும் காசும் குறையும். அப்போது வெறும் ராட்டினத்துக்கு வேறு நிறம் பூசி, சுற்றியிருப்பதை மாற்றிப் புதுக் கதைக்குள் வைக்கலாம். தேயிலையைக் கவ்வாத்து வெட்டுவது போல. தூர் அதே தூர்தான், கொழுந்து புதிது. நாகத்தலையை அப்படிச் செய்ய முடியாது. அது கடைசிவரை நாகத்தலை. உடைத்துத்தான் ஆகவேண்டும்.

13. பழைய கணினி என்று கவலைப்பட வேண்டாம். முதல் ரோலர்கோஸ்டர் டைக்கூனைக் கிறிஸ் சாயர் என்ற ஒருவர் ஏறக்குறைய முழுவதும் இயந்திரத்துக்கு மிக நெருங்கிய அசெம்பிளி மொழியில் எழுதினார். அதனால் அந்தக் காலத்துச் சிறிய கணினிகளிலேயே ஆயிரக்கணக்கான ஆட்கள் பூங்காவில் நடந்தார்கள். முதல் இரண்டு பாகங்களையும் சேர்த்து 2016இல் கைத்தொலைபேசிக்கும் கொண்டுவந்தார்கள். ஆர்வலர்கள் 2014 முதல் வளர்த்துவரும் ஓப்பன்ஆர்சிடி2 இலவசம், ஆனால் மூல விளையாட்டு உங்களிடம் இருக்க வேண்டும். இந்தப் பழைய விளையாட்டுகளில் வேசம் குறைவு. தொடங்குகிறவர்களுக்கு அது நல்லதென்றே சொல்வேன்.

14. கட்டி முடித்ததும் விளையாடத் தெரியாத ஒருவரிடம் காட்டுங்கள். விளையாடுகிற நண்பன் தூண்களையும் மதிப்பெண்ணையும் பார்ப்பான். தெரியாதவர் கதையைப் பார்ப்பார். எங்கே கண் நிற்கிறது, எங்கே சும்மா தாண்டிப் போகிறது என்று அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருங்கள். வாய் திறந்து விளக்காதீர்கள்.

அந்தத் தங்கச்சியின் தேயிலை ஸ்டோரை என் அக்காவிடம் காட்டினோம். அக்கா ஒரு தோட்டத்தில் முப்பத்திரண்டு வருசம் கொழுந்து பறித்தவர். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு திரைக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். வாடல் தொட்டியை, ரோலரை, டிரையரை எல்லாம் பேசாமல் பார்த்து முடித்தார். கோப்பைகள் சுழலத் தொடங்கியதும் சிரித்தார். பிறகு, "மறுபடி மொதல்ல இருந்து காட்டு" என்றார். மடுவம் வந்ததும் விரலை நீட்டி நிறுத்தச் சொன்னார்.

"இந்தத் தராசு யார் பக்கம் பாத்து இருக்கு?"

"வரிசைல வர்றவங்க பக்கம், அத்தை."

"நாங்க நிறுத்த காலத்துல அதோட முகம் எங்க பக்கம் இருந்ததே இல்ல. கணக்கப்புள்ள பக்கந்தான் இருக்கும். அவரு சொல்றதுதான் கிலோ. தண்ணிக்கு, கூடைக்குன்னு கழிச்சது போக மிச்சத்த எழுதுவாரு."

தங்கச்சி மவுஸில் கைவைத்தாள். "அப்ப பிழையா வச்சிட்டேன். திருப்பட்டுமா?"

அக்கா கொஞ்ச நேரம் தராசையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வேணாம் புள்ள," என்றார். "அது அப்பிடியே இருக்கட்டும்."